முட்டைக்காரியின் அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று போன் செய்தேன். எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை கண்ணில் பட்டால் சிரித்துக்கொள்.

எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை, அக்கா! ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. குரல் பதிவு செய்கிற அறைக்குள் போனதும் சிரித்துவிட்டேன். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, மேடும் பள்ளமுமாக. நாம் முட்டை அடுக்குகிற அட்டையேதான். "என்னம்மா சிரிக்கிற?" என்று ரெக்கார்டிங் அண்ணன் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றைக்கு ஏரிக்கரையில் தண்ணீர்ச் சத்தம் பிடிக்க வந்தவர்களின் மெஷினுக்குள் என் கூப்பாடு புகுந்து எல்லாம் கெட்டுப்போனதே, திட்டப்போகிறார்கள் என்று உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேனே, அவர்கள் ஏன் திட்டவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. டைரக்டர் அம்மா சொன்னார்: "கிராமத்துப் பொண்ணு குரலுக்காக எத்தனையோ பேரைக் கேட்டாச்சு. எல்லாரும் கிராமத்துப் பொண்ணு மாதிரி நடிக்கிறாங்க. நீ வாத்தைக் கூப்பிட்ட. அவ்வளவுதான். அதுதான் எனக்கு வேணும்."

கதை என்ன தெரியுமா? எந்தக் காலத்திலோ இருந்த ஒரு ராஜ்ஜியம். முட்டைக் கூடையோடு அரண்மனைச் சமையற்கட்டுக்கு வருகிற ஒரு பெண். எல்லோரும் அவளை முட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணை மகாராணிக்குப் பிடித்துப்போய் உள் அரண்மனைக்கே அழைத்துக்கொள்கிறாள். எல்லாம் வரைந்த படம். ஆள் யாரும் நடிக்க மாட்டார்கள். முதலில் குரலைப் பதிந்துவிட்டு, அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி வாய், கை, கண் எல்லாவற்றையும் பிறகு வரைவார்களாம். என் முகம் எங்கேயும் வராது! எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பென்சில் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். முட்டைக்காரியை வரைவது அவர்தான். காதிலும் கொண்டையிலும் பென்சில் செருகியிருப்பார். அவரோடுதான் தங்கியிருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

பஸ் கிளம்பும்போது நீ சொன்னது மட்டும் காதுக்குள்ளேயே இருக்கிறது. "போ. எனக்கு யாரும் இல்லைன்னு நெனச்சுக்கறேன்." நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டாயா?

இன்னமும் உன் தங்கை

---

மார்ச் 15

ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்க வேறு காகிதம் இருந்தது.

நீ இல்லாததால் இங்கே ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. வாத்துகள்தான் சாயங்காலம் கரையேற மாட்டேன் என்கின்றன. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு பின்பக்கத்தைக் காட்டுகின்றன. முழங்கால் சேற்றில் இறங்கித்தான் ஓட்டிவருகிறேன். நொண்டி வாத்து உன் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. விரட்டினால் கொத்துகிறது. சரிதான் கிட என்று விட்டுவிட்டேன்.

டீக்கடைக்காரர் நேற்று நடுத்தெருவில் நிறுத்திவைத்துக் கேட்டார். "உன் தங்கச்சி சினிமாவுல நடிக்கப் போயிருச்சாமே?"

"முகத்தைக் காட்டாத சினிமா"ன்னேன்.

"பேய்ப் படமா?"ன்னார். அவரிடம் என்ன பேசுவது?

யார் அந்தப் பென்சில் அக்கா? பார்த்த அன்றைக்கே அக்காவா? நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா? சந்தோஷம். இங்கே இருந்தவள் உன்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

அப்பா போன பிறகு இந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மிச்சம் இருப்பவள் என்ன சொல்வாள்? பாட்டா பாடுவாள்?

ஒன்று கேட்க வேண்டும். அரண்மனைக்குள் போன அந்த முட்டைக்காரி ஊருக்குத் திரும்பி வருகிறாளா? கதையில் அதை எழுதியிருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

---

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போட்டுவிட்டாய்! கடிதத்தைப் பார்த்ததும் மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன். ரெக்கார்டிங் அண்ணன் "என்னம்மா, தீப்பிடிச்சுருச்சா?" என்று கேட்டார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதைப் படித்த பிறகு பென்சில் அக்காவை "பென்சில் மேடம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அக்கா எப்படி இருப்பாங்க, சொல்லேன்" என்றார். கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முழங்கையால் மூக்கைத் துடைப்பாயே, அதை நடித்தே காட்டினேன். நான்! ஒருத்தர் முன்னால்!

ஆனால் மைக் முன்னால் முதல் வாரம் எனக்குக் குரலே வரவில்லை, அக்கா. மகாராணிக்குக் குரல் கொடுப்பவர் பெரிய நாடக நடிகை. எல்லோரும் ராணியம்மா என்றே கூப்பிடுகிறார்கள். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடுவார். ஆனால் வாயைத் திறந்தால் அவ்வளவுதான், முதுகுத் தண்டு தானாக நிமிர்ந்துவிடும். அவர் எதிரில் நின்று நான் "மகாராணி" என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. டைரக்டர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்றும் நினைத்தேன்.

அண்ணன்தான் காப்பாற்றினார். அறை விளக்கை அணைத்துவிட்டு, கூட்டித் துடைக்கிற மாப்புக் கழியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "வாத்து மேய்க்கிற குச்சின்னு நெனச்சுக்க" என்றார். கையில் கழி வந்ததும் குரல் வந்துவிட்டது! இருட்டு, முட்டை அட்டைச் சுவர், கையில் கழி. வேறென்ன வேண்டும்? அன்றைக்கு மட்டும் பதினோரு வசனம் முடித்தேன். ஒவ்வொரு வசனமும் சரியாக வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணன் கடைசியில் தன் மைக் முன்னால் இரண்டு தட்டுக் கை தட்டுவார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இல்லையாம். படம் வரைகிறவர்கள் அந்தக் கைதட்டலைத் தேடித்தான் எது சரியான பதிவு என்று எடுத்துக்கொள்வார்களாம். அங்கே ஒரு கொசு வேறு இருக்கிறது. கடிக்க என்னைத்தான் தேடி வருகிறது.

நீ கேட்டதை டைரக்டர் அம்மாவிடம் கேட்டேன். "திரும்ப மாட்டா. கடைசியில அரண்மனை மாடத்துல தனியா நின்னு ஆத்தைப் பாப்பா. அதோட படம் முடியுது" என்றார்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அந்த அரண்மனையில் ஒரு சட்டம். சொந்தபந்தம் உள்ளவர்களை உள்ளே சேர்க்க மாட்டார்கள். ரகசியம் வெளியே போய்விடுமாம். முட்டைக்காரியைச் சபை நடுவில் நிறுத்தி மகாராணி கேட்கிறாள், "உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" அவள், "எனக்கு யாரும் இல்லை, மகாராணி" என்று சொல்ல வேண்டும். உடனே மகாராணி, "அப்படியானால் உள்ளே வா" என்பாள்.

அந்த இடம் வந்ததும் என் வாய் ஒட்டிக்கொண்டது. பாதியில் நிறுத்தி இருட்டுக்குள்ளேயே சொல்லிவிட்டேன்: "அண்ணே, இதை மட்டும் சொல்ல வரல ண்ணே. எனக்கு அக்கா இருக்கா. அவ கேட்டா சங்கடப்படுவா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் இரண்டு கையாலும் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். "சரிம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

உன் தங்கை

---

ஏப்ரல் 5

சின்னவளே,

சொல்லிவிட்டுப் போ. வேலைதானே. கூலி வாங்குகிற இடத்தில் இதைச் சொல்வேன், அதைச் சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? நானும்தானே சொன்னேன். வாய் வெந்துபோய்விட்டதா?

நான் அதைச் சொல்லிவிட்டு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன். தூசி அடங்குகிற வரைக்கும் நின்றேன். அந்த நேரத்தில் வாத்துகள் மொத்தமும் மேட்டு வயலுக்குள் இறங்கி நாற்றை மிதித்துவிட்டன. வயல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கண்ணு எங்கம்மா வச்சிருந்த?" என்று கேட்டார். பஸ்ஸில் வைத்திருந்தேன் என்றா சொல்ல முடியும்?

அதனால் அழுது வழியாமல் சொல்லிமுடி. பொய்தானே, படம்தானே.

என் மூக்கை நான் முழங்கையால் துடைப்பதையெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களிடம் நடித்துக் காட்டுகிறாயா? திரும்பி வா, உனக்கு இருக்கிறது.

அக்கா

---

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ சொன்னபடியே, பொய்தானே என்று நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணன் இரண்டு தட்டுத் தட்டினார். டைரக்டர் அம்மா "நல்லாருக்கு" என்றார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. என் குரல் வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஊருக்கு அனுப்பவில்லை! பென்சில் அக்கா என்னை வண்ணம் தீட்டுகிற பிரிவில் சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டரில், வரைந்த கோட்டுக்குள் நிறம் கொட்ட வேண்டும். மகாராணியின் பாவாடையில் மட்டும் ஏழு சிவப்பு இருக்கிறது, அக்கா! வாத்துகளுக்கு நிறம் தீட்டியது நான்தான். அவர்கள் எல்லா வாத்தையும் வெள்ளையாக வைத்திருந்தார்கள். நம் வாத்துகளின் நிறத்தை வைத்தேன். ஒன்றை நொண்டவும் விடச் சொல்லியிருக்கிறேன்.

படம் முடிகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் பதில் போடு.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 20

அக்கா, அக்கா, அக்கா!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இன்றைக்கு முழுப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திரையில் போட்டுப் பார்த்தோம். படத்துக்குப் பணம் போட்ட முதலாளி, டைரக்டர் அம்மா, ராணியம்மா, வரைந்தவர்கள், நிறம் தீட்டியவர்கள் எல்லோரும் இருந்தோம். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

சபைக் காட்சி வந்தது. எத்தனை தூண்கள், எத்தனை விளக்குகள்! நடுவில் முட்டைக்காரி, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். மகாராணி கேட்கிறாள், "உனக்கென்று யார் இருக்கிறார்கள்?"

முட்டைக்காரி வாயைத் திறந்தாள். "எனக்கு..." என்று நிறுத்தினாள். பக்கத்தில் ஈட்டியோடு நிற்கிற காவல்காரன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். திரும்பி, என் குரலில், எல்லார் முன்னாலும் சொல்கிறாள்: "அண்ணே, இதை மட்டும் சொல்ல வரல ண்ணே. எனக்கு அக்கா இருக்கா. அவ கேட்டா சங்கடப்படுவா."

காவல்காரனின் ஈட்டி சாய்கிறது!

எனக்கு உயிரே போய்விட்டது. எப்படி நடந்தது தெரியுமா? அந்தக் கொசு! அன்றைக்கு அண்ணன் கொசுவை இரண்டு தட்டுத் தட்டினாரே, அது பதிவாகியிருக்கிறது. வரைகிறவர்கள் கைதட்டலைத் தேடியபோது முதலில் அகப்பட்டது அதுதான். சரியான பதிவு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "வசனத்தைத்தான் தினமும் மாத்துறீங்களே, இதையும் மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் பென்சில் அக்கா. பாவம், அந்தக் காட்சியை வரைய அவர்கள் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

ஆனால் கேள், இனிமேல்தான் இருக்கிறது. மகாராணியின் பதில் மாறவில்லை அல்லவா? முட்டைக்காரி "எனக்கு அக்கா இருக்கா" என்கிறாள். சபையே மூச்சு விடாமல் இருக்கிறது. மகாராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் உள்ளே வா" என்கிறாள். சட்டத்தை மகாராணியே உடைத்துவிட்டாள்! முன்வரிசையில் ராணியம்மா எழுந்து நின்று, "நான் இவ்வளவு நல்லவளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். கொசு இல்லை, நிஜமாகவே.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சரி, அக்கா இருக்கா. எங்க அந்த அக்கா? கடைசி வரைக்கும் ஆளையே காணோம். ஜனங்க கேக்க மாட்டாங்களா? பழைய வசனத்தையே போடுங்க, வாயை மட்டும் மாத்தி வரைங்க" என்றார். டைரக்டர் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். பிறகு, "கடைசியில மாடத்துல தனியா நிக்கிறாளே, அங்க அக்காவைக் கூப்பிட்டா? ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து அக்கா பதில் சொன்னா?" என்றார். முதலாளி, "அது சரியா வந்தா பாக்கலாம். வரலைன்னா பழசுதான்" என்றார்.

யார் அக்காவுக்குக் குரல் கொடுப்பது என்று பேச்சு வந்தது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து, "எங்க அக்கா" என்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா, வருவாயா? ஒரே ஒரு வசனம்தான்.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 29

ஏய்,

உனக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா? நம் வீட்டுச் சங்கதியைச் சபை நடுவில் ஈட்டிக்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறாய். அது போதாதென்று நான் வேறு வந்து கத்த வேண்டுமா? என் குரலுக்கு வாத்தே திரும்புவதில்லை. ஜனங்கள் காசு கொடுத்து வந்து கேட்பார்களா?

இங்கே யார் பார்ப்பது? முட்டை எடுக்க வண்டி வரும். இரண்டு வாத்து அடைகாக்கிறது. கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது. நான் அங்கே வந்து முட்டை அட்டைக்குள் நின்று நாடகம் போட வேண்டுமாம்.

வர மாட்டேன். அந்தப் பென்சில் அக்காவையே கத்தச் சொல். அவரும் அக்காதானே.

அப்படி நான் என்ன சொல்ல வேண்டுமாம்? வருவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா

---

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

நீ சொல்ல வேண்டியது: "அன்புத் தங்கையே, இதோ வருகிறேன்." அவ்வளவுதான். எழுதித் தருவார்கள்.

நீ வர மாட்டேன் என்று எழுதியதை டைரக்டர் அம்மாவிடம் சொன்னேன். பென்சில் அக்கா சொல்லிப் பார்த்தார், ராணியம்மா சொல்லிப் பார்த்தார். அழகாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் அவர்களைக் கூப்பிட முடியவில்லை. குரல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் நீ இல்லை என்று தெரிந்தால் நான் எதற்குக் கத்துவேன்?

பதினெட்டாம் தேதி கடைசி நாள். அதற்குள் இல்லையென்றால் "எனக்கு யாரும் இல்லை" என்பதையே போட்டுவிடுவார்கள். "நான் அதைச் சொல்ல மாட்டேன்" என்று முதலாளியிடமே சொன்னேன், அக்கா. நேருக்கு நேர், விளக்கு எரியும்போது, கையில் கழிகூட இல்லாமல். அவர் கோபப்படவில்லை. "நீ சொல்லவே வேணாம்மா. ஏற்கெனவே சொன்னது இருக்குல்ல?" என்றார்.

ஆமாம், இருக்கிறது. ஏப்ரலில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேனே. படம் போகிற ஊருக்கெல்லாம் அதுதான் கேட்கும். நம் ஊரிலும் கேட்கும்.

திட்டுவதாக இருந்தால் வந்து திட்டு.

உன் தங்கை

---

செப்டம்பர் 21

சின்னவளே,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் உப்பில்லை.

வாத்துகள் அத்தனையும் இருக்கின்றன. டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார். ஆனால் அடைகாக்கிற வாத்திடம் கொத்து வாங்கியிருக்கிறார். கட்டுப் போட்ட விரலோடு டீ ஆற்றுகிறார். "உன் குடும்பத்துல எல்லாருக்கும் வாய் நீளம்" என்கிறார்.

நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் நின்றாய். இந்தப் பக்கம், இன்னொரு மைக் முன்னால் என்னை நிறுத்தியபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

என் கையில் காகிதத்தைக் கொடுத்தார்கள். "அன்புத் தங்கையே, இதோ வருகிறேன்." பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ஸீட்காரர் என்னைப் பார்த்துப் பயந்து முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். உன் டைரக்டர் அம்மா என் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க" என்றார். பயமா? எனக்கா? காகிதத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். நீ கூப்பிட்டாய். "அக்கோவ்!"

அடிப்பாவி. அதே கூப்பாடு. பாம்பைக் கண்டாலும் அதே, பசித்தாலும் அதே, வானவில் வந்தாலும் அதே. ஆறு மாதமாக ஏரிக்கரையில் கேட்காத சத்தம். காகிதமாவது, வசனமாவது! என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"வரேன்டீ, கத்தாத!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், இதற்குத்தான் வர மாட்டேன் என்றேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் இருட்டில் இரண்டு தட்டுக் கேட்டது.

"கொசுவா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இது நெசம்" என்றார் உன் ரெக்கார்டிங் அண்ணன்.

விளக்குப் போட்டபோது அந்தப் பெரிய நாடக நடிகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும்.

உன் பென்சில் அக்கா நல்ல மாதிரிதான். அக்கா என்றே கூப்பிடு. ஆனால் நான் சாப்பிடும்போதும் முகம் கழுவும்போதும் எதிரில் உட்கார்ந்து என்னையே வரைந்துகொண்டிருந்தாரே, அது எதற்கு? கேட்டதற்குச் சிரிக்கிறார்.

பஸ் கிளம்பும்போது இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. நீயும் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே கூட ஓடிவந்தாய். செருப்பு அறுந்திருந்ததே, தைத்தாயா?

அக்கா

---

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை படம் வருகிறது! டவுன் தியேட்டரிலும் போடுகிறார்களாம். பேரே "முட்டைக்காரி" என்று வைத்துவிட்டார்கள். செருப்பைத் தைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இங்கே முதல் காட்சிக்குப் போகப்போகிறேன். டைரக்டர் அம்மா அடுத்த படத்துக்கும் என்னைக் கேட்டிருக்கிறார். நீ சொல்லாமல் சரி என்று சொல்ல மாட்டேன்.

முதலாளி கடைசி நிமிடத்தில் ஏதாவது மாற்றியிருப்பாரோ என்று பயமாக இருக்கிறது. முடித்த படத்தை எங்களுக்குக் காட்டவில்லை. நீ பார்த்ததும் எழுது. நான் பார்த்ததும் எழுதுகிறேன். இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை

---

ஜனவரி 19

என் தங்கைக்கு,

பார்த்துவிட்டேன். டீக்கடைக்காரர், அவர் மனைவி, நாற்றுக்காகச் சண்டை போட்ட வயல்காரர், முட்டை வண்டிக்காரர், எல்லோரும் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு கூட்டம்.

முதலில் எனக்குப் படமே ஏறவில்லை. வாத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நொண்டி நொண்டிக்கொண்டே அரண்மனை வாசலைக் கடந்தது. டீக்கடைக்காரர், "என் வெரலைக் கொத்தினது இதுதானே?" என்றார். "அது வேற"ன்னேன். "மூஞ்சி அதேதான்" என்றார்.

சபை வந்தது. அந்தப் பெண் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகாராணி கேட்டாள். மாற்றியிருப்பார்கள், பழையதைத்தான் போட்டிருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அண்ணே" என்று கேட்டது. கண்ணைத் திறந்தேன். நீ ஈட்டிக்காரன் பக்கம் திரும்பி என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "சிரிப்பு சீன்தானே, நீ ஏம்மா அழற?" என்று கேட்டார். சளி என்று சொல்லிவிட்டு முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் அதே முழங்கை திரையில் வந்துவிட்டது! ஆற்றுக்கு அந்தப் பக்கம், அக்குளில் கழியோடு ஒருத்தி நிற்கிறாள். மாடத்திலிருந்து "அக்கோவ்!" என்று கேட்டதும் முழங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்கிறாள். "வரேன்டீ, கத்தாத!" திரையில் நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் விசிலடித்தார்கள். வெளியே வந்தால் தெரு முழுக்க அதையேதான் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கொண்டு போகிறார்கள். வயல்காரர்கூட என்னிடம் சொன்னார். சாயங்காலம் வாத்துகளிடம் நானே சொன்னேன். கரையேறிவிட்டன!

அடுத்த படத்துக்குச் சரி என்று சொல். கூரையை வயல்காரர் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். உன் படுக்கையை நொண்டியிடமிருந்து மீட்டு வைக்கிறேன். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் வந்து போ.

உன் பென்சில் அக்காவிடம் ஒன்று சொல்லிவிடு. எல்லாம் நன்றாக வரைந்திருக்கிறார், மூக்குதான் ரொம்பப் பெரிது. என் மூக்கு அப்படி இல்லை. டீக்கடைக்காரர் அப்படித்தான் இருக்கிறது என்கிறார். அவர் கிடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன். வைக்க மாட்டேன்.

கத்தாதே.

உன் அக்கா